கொடியசைத்த பிறகு

நம்மூர் நடமாடும் நூலகம் போகிற மிக முக்கியமான பயணம் நாற்பது அடி தூரம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் வாழைமரம் கட்டிய வண்டி நிற்கும். பச்சைக் கொடியோடு பிரமுகர் நிற்பார். போட்டோவில் பாதி முகமாவது விழுந்துவிட வேண்டும் என்று அவரைச் சுற்றிப் பதினைந்து பேர் முண்டியடிப்பார்கள். கொடி அசையும். டிரைவர் கிளட்சை மெதுவாக விட்டு, கேமராக்காரர் கை காட்டும்வரை வண்டியை உருட்டுவார். "சார், இன்னொரு தடவை" என்று கேமராக்காரர் கேட்டால் ரிவர்ஸ் எடுத்து மறுபடியும் புறப்படுவார். ஆக, சில வண்டிகள் எண்பது அடியும் ஓடியிருக்கின்றன. இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் காழ்ப்புணர்ச்சியில் எழுதுகிறான் என்பார்கள்.

விழாவுக்குக் குழந்தைகள் வேண்டும் அல்லவா? வண்டி எந்த மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்காக வாங்கப்பட்டதோ, அவர்களைக் கூட்டிவர பஸ் கிடையாது. பஸ் இருந்தால் நடமாடும் நூலகமே எதற்கு? அதனால் பக்கத்துத் தெருவில், சொந்தமாக நூலகம் வைத்திருக்கிற பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பு 'பி' பிரிவை அப்படியே வரிசையில் நடத்தி வருவார்கள். எட்டரைக்கு வந்த பிள்ளைகள் பதினொன்றரை வரை வெயிலில் நிற்பார்கள். பிறகு ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துச் சிரிப்பார்கள். போட்டோ முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எண்ணி வாங்குவதற்கென்றே ஓர் ஊழியர் நோட்டோடு நிற்பார். அந்த ஊழியரை மறந்துவிடாதீர்கள், அவரிடம் பிறகு வருவோம்.

பொது நூலகத் துறையின் கணக்கில் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள். அவற்றில் நடமாடுபவை என்று கொள்கை விளக்கக் குறிப்பு சொல்லிவந்த எண்ணிக்கை 14. மாவட்டங்கள் 38. எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, பர்கூர், கடம்பூர், வால்பாறை என்று ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தால் மலைக்கு ஒரு சக்கரம் வரும்.

இதே தமிழ்நாட்டில்தான் 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புத்தகம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வண்டிக்குக் காரணமானவர் கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931-ல்தான். இந்தியாவுக்கே நாம்தான் முன்னோடி என்று நூலக விழாக்களில் மார்தட்டும்போது ஆதாரமாகக் காட்டுவது அந்த மாட்டுவண்டியைத்தான்.

இன்றைய விதிப்படி தணிக்கை செய்தால் அந்த வண்டி தேறாது. டெண்டர் விடவில்லை. மாடுகளுக்கு எஃப்சி இல்லை. வைக்கோல் வாங்கக் கணக்குத் தலைப்பு இல்லை. வண்டியின் எந்தப் பக்கத்திலும் யாருடைய படமும் ஒட்டவில்லை, அதனால் அது யாருடைய சாதனை என்றே நிர்ணயிக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய முறைகேடு ஒன்று உண்டு. அந்த வண்டி கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான், பூட்டி வைக்க இல்லை என்பதுதான் ரங்கநாதனின் முதல் விதியின் சாரம். அதை விளக்கும்போது, பழைய ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை எடுத்துச் சொல்கிறார். நாம் அந்தக் காலத்தைக் கடந்து எவ்வளவோ முன்னேறிவிட்டோம். சங்கிலியில் கட்டிய புத்தகத்தை நின்றபடியாவது படித்துவிடலாம். நம்மிடம் இருப்பது இரும்பு பீரோ.

அந்த பீரோவை ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். சொன்னால் தலைமையாசிரியருக்கு மெமோ போகும், பீரோ அப்படியேதான் இருக்கும். பச்சை பெயின்ட் அடித்தது, கதவில் வெள்ளையில் சரக்கு எண். பீரோ சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில், டிராயர் சாவி அவர் பையில், பை அவரோடு கீழே வட்டார அலுவலக மீட்டிங்கில். மத்தியானத்துக்கு மேல் வந்து திறந்து காட்டினார். உள்ளே புத்தகங்கள் பிரவுன் அட்டை போட்டு, முதுகில் எண் எழுதி, அசையாமல் நின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரிக்கும்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

"பாருங்க சார், ஒரு பக்கமாவது கசங்கியிருக்கா?" என்றார் பெருமையாக.

ஜன்னல் கம்பிக்கு வெளியே நாலைந்து தலைகள். பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள் போலிருந்தது. ஒரு சின்னப் பெண் உள்ளே வந்து, அட்டை போடாமல் தப்பித்திருந்த ஒரு யானைப் படத்தைக் காட்டி, "சார், அது என்னா கதை?" என்றாள்.

"கை கழுவுனியா?"

ஓடினாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டிவரை போய்க் கழுவிக்கொண்டு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஈரக் கையோட தொடுவாங்களா?" என்று பீரோவைச் சாத்தினார்.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டப்பட வேண்டியவர்கள் மலைக்குக் கீழே மின்விசிறிக்கும் மேலான வசதியுள்ள அறைகளில் இருக்கிறார்கள். ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு புத்தகம் குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் வரும். ஒரு புத்தகமும் வெளியே போகாவிட்டால் ஒரு கடிதமும் வராது. மூளையுள்ள எந்த ஊழியர் புத்தகத்தை வெளியே விடுவார்? குழந்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மழையில் நனைத்துவிட்டால் அது அரசுச் சொத்துக்குச் சேதம். பத்து வருஷம் ஒரு குழந்தையும் தொடாமல் பீரோவிலேயே செல்லரித்துப் போனால் அது இயற்கை. விழாப் பந்தலில் நோட்டோடு நின்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புத்தகத்தை எண்ணி வாங்கினாரே ஓர் ஊழியர், அவரும் இந்தப் பயத்தில் சம்பளம் வாங்குகிறவர்தான். வண்டியிலும் அவர்தான் போகிறார். எப்போதாவது வண்டி மலையேறினால், புத்தகத்தைக் கொடுக்கும்போதே "கிழிக்காத, மடிக்காத, தொலைச்சிராத" என்று மூன்று சாபமும் சேர்த்துத்தான் கொடுப்பார்.

கட்டடங்களுக்குக் குறைவில்லை. 2006-ல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று 12,618 ஊராட்சிகளைக் கணக்கில் எடுத்தார்கள். நினைத்துப் பாருங்கள், உலகத்தில் எத்தனை தேசங்கள் தங்கள் கடைசிக் கிராமம்வரை நூலகம் கட்ட நினைத்திருக்கும்! கட்டியும்விட்டார்கள். பிறகு ஆட்சி மாறியது, நூலகத்துக்கும் கட்சி உண்டு என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. பல ஊர்களில் இன்றைக்கு அதைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டை, எரியாத தெருவிளக்குகள், முந்தின தலைவர் காலத்துக் குப்பை வண்டி. கிராமத்தை விடுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போகிறோம் என்று அறிவித்தவர்கள் நாம். உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றதால் பிழைத்தது. தலைநகரத்தில் ஒன்பது மாடிக்கே அந்தக் கதி என்றால், மலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு எந்த நீதிமன்றம் வரும்?

சரி, வண்டி ஓடுகிறது, பீரோ திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கும்? நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் 'லைப்ரரி ஆர்டர்' என்றால் என்னவென்று பதிப்பகத்தாரிடம் கேட்டால் பெருமூச்சோடு சொல்வார்கள். அச்சுப் பாரத்துக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்குகிற முறை பல காலம் நடந்தது. பக்கம் பக்கமாக வண்ணப்படம் போட்டுக் குழந்தைக்கு ஒரு புத்தகம் செய்கிறவன் அந்தக் கணக்கில் தெருவுக்கு வந்துவிடுவான். எனவே குழந்தைகள் அலமாரிக்குக் கிடைத்தவை நீதிக்கதைகள் நூறு, தெனாலிராமன் கதைகள், பொது அறிவு வினா விடை, தலைவர்களின் இளமைக்காலம். படம் இருந்தால் கருப்பு வெள்ளையில், சிங்கத்துக்கும் நரிக்கும் ஒரே முகத்தோடு இருக்கும். மீதி இடத்தை டிஎன்பிஎஸ்சி குரூப் 4 கைடுகள் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்கு இப்போதே தயாராவது நல்லதுதானே! (அண்மை வருஷங்களில் வாசிப்பு இயக்கத்துக்காகப் பள்ளிக்கல்வித் துறை போட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் நன்றாகவே இருக்கின்றன. பீரோவுக்கு வெளியே இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.)

நம்மையும் விட்டுவிடக் கூடாது. மலைக்கிராமத்துக்கு நூலகம், புத்தகம் தாருங்கள் என்று யாராவது கேட்டால் நகரத்து வீடுகளில் ஒரு தர்ம சிந்தனை பொங்கும். பரண் காலியாகும். சி.ஏ. இன்டர் கைடு, கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்த தடித்த புத்தகம், அட்டையில்லாத ஆங்கில நாவலின் இரண்டாம் பாதி, யாரோ எல்லாக் கேள்விக்கும் பென்சிலில் டிக் அடித்த நுழைவுத் தேர்வு வினாத்தாள் தொகுப்பு. எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில்லறைதான் வரும், தானமாகக் கொடுத்தால் புண்ணியம் வரும். தொண்டு நிறுவனத்து வண்டி வந்து ஏற்றிப் போகும். அந்த வண்டியில் நிதி கொடுத்த கம்பெனியின் சின்னம் கதவளவுக்கு இருக்கும், புத்தகம் பயணிகள் சீட்டுக்குக் கீழே இருக்கும். பழங்குடிக் குழந்தை பழைய சட்டை போட்டுக்கொள்ளட்டும், பழைய புத்தகம் படித்துக்கொள்ளட்டும் என்பது நம் பெருந்தன்மை. உங்கள் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கத் துணியாத ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இனி, வண்டி ஏற முடியாத ஊர்களுக்குப் புத்தகம் போன கதைக்கு வருவோம். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்று ஒரு பள்ளி ஆசிரியர், ஆல்ஃபா, பெட்டோ என்ற இரண்டு கழுதைகள்மேல் புத்தகம் ஏற்றிக் குக்கிராமங்களுக்குக் கொண்டுபோனார். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆரம்பித்தது. கென்யாவில் 1996-ல் கரிஸ்ஸா பக்கத்து வறண்ட பூமியில், ஆடுமாடுகளோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிற மக்களின் பிள்ளைகளுக்காக ஒட்டகங்கள்மேல் புத்தகப் பெட்டி ஏறியது. ஏற்றியது அந்த நாட்டின் தேசிய நூலகத் துறை, அதாவது அரசாங்கம். நம் அதிகாரிகளிடம் அந்தக் கதையைச் சொன்னால் ரசித்துக் கேட்பார்கள். பிறகு, "நம்ம கண்டிஷனுக்கு ஒத்துவராது சார், மேலே ரோடே இல்லையே" என்பார்கள்.

ரோடு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கும் ரோடு இல்லாமல்தான் இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 மக்களவைத் தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறி அந்த மலைக்குப் போன போட்டோவைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ராசிபுரம் பக்கம் போதமலைக்கு அதே இயந்திரங்கள் தலைச்சுமையாகப் போயின. துப்பாக்கியோடு போலீஸ் கூடவே நடந்தது. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் நெறி. குஜராத்தில் கிர் காட்டுக்குள் ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு சாவடியே போட்டார்கள். ஜனநாயகத்தின் அழகு என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. நானும் ரசித்தேன்.

ஆகவே மலைக்கு வழி தெரியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். வழி தெரியும். கழுதை இருக்கிறது. கழுதைக்காரருக்குக் கூலி கொடுக்கக் கணக்குத் தலைப்பு இருக்கிறது. இயந்திரம் நனையாமல் மூடத் தார்ப்பாய் இருக்கிறது. ஒரு இயந்திரம்கூடத் தொலையாமல் ஏற்றி இறக்குகிற ஒழுங்கும் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு, அந்தக் கழுதையின் இன்னொரு பக்கத்தில் இருபது கதைப் புத்தகத்தைக் கட்டிவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரே குடிசை. உள்ளே பதினெட்டு முடிந்தவரைத் தேடி ரிசர்வ் போலீஸோடு அரசு மலையேறி வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் எட்டு வயசுக்காரியைத் தேடி ஒரு தாள் வராது. அவளுக்கு ஓட்டு இல்லை, இன்னும் பத்து வருஷம் அவள் இந்த நாட்டின் கணக்கில் இல்லை. படித்துவிட்டால் பத்து வருஷம் கழித்து அவள் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதும் ஆள்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

"இப்பல்லாம் எல்லாம் செல்போன்ல இருக்கே சார்" என்று ஒரு கட்சி உண்டு. டிஜிட்டல் நூலகம், க்யூஆர் கோடு. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த மலையில் ஒரு போன் பேச வேண்டுமானால் பாறைமேல் ஏறி நின்று கையை உயர்த்த வேண்டும் என்பது ஒட்டியவருக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகச் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்தில் ஏறியதையும் நாம் மறந்தாயிற்று.

இதற்கிடையில் வேலை நடக்கத்தான் செய்கிறது, எங்கேயும் கொடியசையாமல். சொந்த ஸ்கூட்டரில் பெட்ரோல் போட்டுப் புத்தகம் கொண்டுபோகும் நூலகர்கள் இருக்கிறார்கள், அது மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே. 'நூலக நண்பர்கள்' என்று துறையே ஒரு திட்டம் வைத்து, தன்னார்வலர்கள் பை நிறையப் புத்தகம் எடுத்து வீடு வீடாகப் போகிறார்கள். நல்ல பிள்ளைகள், கும்பிட வேண்டியவர்கள். ஆனால் இதிலும் அரசாங்கத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். கட்டடத்துக்குக் கான்ட்ராக்டர், அவருக்குப் பில். வண்டிக்குக் கம்பெனி, அதற்கும் பில். விழாவுக்குப் பந்தல்காரர், அவருக்கு அன்றைக்கே பில். புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற அந்த ஒரு வேலைக்கு மட்டும் சேவை மனப்பான்மை வேண்டுமாம். வருஷக் கடைசியில் சான்றிதழ் உண்டு, லேமினேட் செய்துகொள்ளும் செலவு அவர்களுடையது.

பணம் இல்லை என்று மட்டும் சொல்ல விடாதீர்கள். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் வந்தது. அந்தச் சட்டத்தில்தான் நூலக வரி வந்தது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. குடிசை வீட்டுக்காரரும் கட்டுகிறார், கோபாலபுரத்துக்காரரும் போயஸ் தோட்டத்துக்காரரும் கட்டுகிறார்கள். நம்மிடம் வசூலிக்கிற உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவிடம் ஒழுங்காகக் கட்டுவதில்லை. பாக்கி என்று செய்தி வரும், கட்டுகிறோம் என்று பதில் வரும், மறுபடி பாக்கி என்று செய்தி வரும். நீங்கள் ஒரு தவணை வரி தவறினால் வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடும் அதே அலுவலகம்தான், பிள்ளைகளின் புத்தகக் காசைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. தனியார் யாராவது இப்படிச் செய்தால் அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது.

எனவே இதைப் படித்து முடித்ததும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்ற வரிக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராமசபை. ரசீதோடு போங்கள். எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள். நம்மூர் நூலகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? போன வருஷம் எத்தனை புத்தகம் தொலைந்தது? ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், ஒரு குழந்தைக்கும் ஒரு புத்தகமும் கொடுக்கவில்லை என்று அதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.